கையகல நிலமில்லை, விவசாயம் படிக்கிறாளாம்!

"பாபநாசம் வரைக்கும் போய் வருகிறேன்" என்று ஆபீஸில் லீவு கேட்டபோது, பக்கத்து மேஜை நண்பர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "அப்படி என்ன ஐயா பாபம் செய்தீர்?" என்றார்.

நான் செய்த பாபம் ஒன்றே ஒன்றுதான். என் தமக்கை மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதப் போகுமுன், "உனக்குப் பிடித்ததைப் படி அம்மா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு விவசாயக் கல்லூரிக்கு மனுப் போட்டுவிட்டாள். இடமும் கிடைத்துவிட்டது. அப்புறம் அக்காவிடமிருந்து போன்:

"ஏல தம்பி! தூண்டிவிட்டுட்டு நீ மெட்ராஸுல உக்காந்திருக்க. இங்க உங்க அத்தான் மூணு நாளா யார்கிட்டயும் முகங்கொடுத்துப் பேசலை. கையகல நிலமில்லை, இவ விவசாயம் படிக்கப் போறாளாம்! பணம் கட்ட இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு. உடனே புறப்பட்டு வா!"

புறப்பட்டேன். வேறு வழி?

நான் சொல்லும் பாபநாசம், சங்கீத ரசிகர்கள் அறிந்த தஞ்சைச் சீமைப் பாபநாசம் அல்ல. இது திருநெல்வேலிச் சீமைப் பாபநாசம். ஜங்ஷனில் செங்கோட்டை வண்டி ஏறி, அம்பாசமுத்திரத்தில் இறங்கி, பஸ் பிடித்து விக்கிரமசிங்கபுரம் தாண்டினால், எதிரே வானத்தை மறைத்துக்கொண்டு பொதிகை மலை நிற்கும். அதன் மடியில் பாபநாசநாதர் கோயில், கோயில் வாசலில் படித்துறை, படித்துறையில் தாமிரவருணி. மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் ஆற்றுக்கு இதுதான் முதல் வாசற்படி.

இந்த ஆற்றைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. 1880களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே நீர் விழும் வேகத்தைக் கொண்டே நூல் நூற்க ஓர் ஆலை அமைத்தார்கள். 1944இல் மின்சார நிலையமும் வந்தது. ஆகவே தாமிரவருணித் தண்ணீர் முதலில் உத்தியோகம் பார்த்துவிட்டுப் பிறகுதான் விவசாயத்துக்குப் போகிறது! எங்கள் அத்தான் குடும்பமோ உத்தியோகத்தோடு நின்றுவிட்டது. அவருடைய பாட்டனார் காலம் முதல் மூன்று தலைமுறையாக மில் சம்பளம்தான். வீட்டு முற்றத்தில் ஒரு துளசி மாடம், ஒரு முருங்கை மரம். குடும்பத்தின் நஞ்சை புஞ்சை அவ்வளவுதான்.

அத்தானின் வழக்கு

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அத்தான் வாய் திறந்தார். கோபமாகப் பேசினால் பதில் சொல்லிவிடலாம். அவர் நியாயமாகப் பேசினார், அதுதான் சங்கடம்.

"மாப்ளே, நான் விவசாயத்தைக் கேவலம்னு சொல்லலை. தெரியாத தொழில்னு சொல்லுதேன். நிலம் உள்ளவன் மகனே மெட்ராஸுக்கும் கோயமுத்தூருக்கும் வேலை தேடிப் போறான். மில் கிளார்க் மகள் வயக்காட்டுக்குப் போறாளாம்! மழை பெஞ்சாலும் நட்டம், பெய்யாட்டாலும் நட்டம். நாலு வருஷம் படிச்சுட்டு யார் வயல்ல போய் நிப்பா? நாளைக்கு இவளைக் கேட்டு வாரவன், 'பொண்ணு என்ன பண்ணுது?'ன்னா நான் என்ன சொல்ல?"

நான் எம். எஸ். சுவாமிநாதனைத் துணைக்கு அழைத்தேன். கும்பகோணத்து சர்ஜனின் மகன் அவர். வைத்தியம் படித்துத் தகப்பனாரின் ஆஸ்பத்திரியை நடத்துவார் என்று குடும்பத்தார் நினைத்திருந்தார்கள். 1943இல் வங்காளத்தில் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கானவர்கள் பசியால் மாண்ட செய்தி அந்த இளைஞரின் மனத்தை மாற்றிவிட்டது. கோவை விவசாயக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தார். பிறகு போலீஸ் உயர் பதவிக்குத் தேர்வாகியும் அதை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கே போனார். 2023இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு பாரத ரத்னா விருது அறிவிக்கப்பட்டது.

அத்தான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்க குடும்பத்துக்கு நிலம் இருந்துதா, இல்லையா?" என்று ஒரே கேள்வி கேட்டார்.

இருந்தது. குட்டநாட்டு மங்கொம்பில் பூர்வீகச் சொத்து. நான் தலையைச் சொறிந்தேன்.

"அதான் சொல்லுதேன்" என்று எழுந்து போய்விட்டார்.

திண்ணையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம், "உனக்கு ஏன் அம்மா இந்த ஆசை?" என்று கேட்டேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரவருணி கரை கடந்தது, குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் இவளுடைய தோழி ஒருத்தியின் ஊர். வெள்ளம் வடிந்த பிறகு அங்கே போயிருந்தாளாம்.

"பயிர் மேல எல்லாம் மணல் மாமா. முழங்கால் அளவுக்குக் கிடந்துது. இந்த மணலை என்ன செய்வீங்கன்னு அவ தாத்தாகிட்ட கேட்டேன். தெரியலை தாயின்னாங்க. அள்ளணுமா, உழுதுறணுமா, அடுத்த பூவுக்கு என்ன போடணும்னு அவங்களுக்கும் தெரியலை. யாருக்காவது தெரியும்லா? அந்தத் தெரிஞ்ச ஆளா நாம இருந்தா என்னன்னு தோணிச்சு."

நல்ல காரணம்தான். ஆனால் நல்ல காரணத்தை நம்பி நாலு வருஷத்தைக் கொடுக்கலாமா? ஆற்றோடு கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று தீர்மானித்தேன். அத்தானும் மறுநாள் எங்களோடு வரச் சம்மதித்தார். "பஸ் சார்ஜை நீயே குடு" என்பது ஒப்பந்தம்.

வெளியூர்க்காரர் வெட்டிய வாய்க்கால்

காலையில் அக்கா எல்லாரையும் கோயிலுக்கு இழுத்துப் போனாள். பாபநாசத்தில் உலகம்மை சந்நிதிக்கு எதிரே ஓர் உரல் உண்டு. பெண்கள் அதில் விரலி மஞ்சளை இட்டு இடிப்பார்கள். அந்த மஞ்சள் அம்பாளின் அபிஷேகத்துக்குப் போகும். அக்கா உலக்கை போட்ட வேகத்தைப் பார்த்தால், அவள் வேண்டிக்கொண்டது டாக்டர் சீட்டா, நல்ல மாப்பிள்ளையா, அல்லது தம்பிக்குப் புத்தியா என்று சொல்வது கடினமாக இருந்தது.

பாபநாசத்திலிருந்து கடல் வரைக்கும் தாமிரவருணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. ஆற்றை மறித்துச் சேர்த்து வைப்பதற்கல்ல, கொஞ்சம் தலையை நிமிர்த்தி வாய்க்காலுக்குள் திருப்பிவிடுவதற்காகக் கட்டியவை.

இவற்றில் கன்னடியனுக்கு ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. கன்னட தேசத்திலிருந்து வந்த ஓர் ஏழைப் பிரம்மசாரி, சேர ராஜாவின் தீராத வியாதியைத் தானம் வாங்கித் தீர்த்துவைத்து, அதற்காகப் பொன்னும் மணியும் பெற்றான். அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ள மனமில்லாமல் பொதிகைக்கு அகத்தியரைத் தேடி வந்தான். அகத்தியர் கிழவர் வடிவில் எதிர்ப்பட்டு, "ஒரு பசுவை வாங்கி அதன் பின்னால் போ. அது போகும் வழியில் வாய்க்கால் வெட்டு, படுக்கும் இடத்தில் குளம் வெட்டு" என்றாராம். அப்படி வந்ததுதான் கன்னடியன் கால்வாய். இன்றைக்கும் 12,000 ஏக்கருக்கு மேல் பாய்கிறது.

கதை கதைதான். ஆனால் அதில் ஒன்றைக் கவனித்தீர்களா? வாய்க்கால் வெட்டியவனுக்கு அந்தச் சீமையில் ஒரு மரக்கால் விதைப்பாடு கிடையாது. அவன் விவசாயியே அல்ல. வெளியூரிலிருந்து வந்தான், தெரிந்தவரிடம் போய்க் கேட்டான், மாட்டின் பின்னால் நடந்து மண்ணின் சரிவைக் கற்றுக்கொண்டான். அத்தானிடம் இதைச் சொன்னேன். "பசு மாடு வாங்க எவ்வளவாகும்?" என்றார்.

இட்லிப் பானைக்குள் ஒரு விஞ்ஞானம்

அம்பாசமுத்திரத்தில் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1937இல் ஏற்பட்டது, இப்போது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தது. தாமிரவருணிப் பாசனத்தில் ஜூன் மாதம் அணை திறந்தால் கார். ஐப்பசி மழையோடு பிசானம். இந்த இரண்டு பூவுக்கும் ஏற்ற நெல்லைத் தேடுவது அதன் வேலை.

நாங்கள் போனபோது ஒரு பெண் விஞ்ஞானி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் நின்றிருந்தார். புது நெல் எப்படிப் பிறக்கிறது என்று கேட்டோம். அவர் சொன்ன விவரத்தை நமது சகோதரிகள் அவசியம் கேட்க வேண்டும். அவ்வளவு நுட்பமான கைவேலை அது.

நெல் பூ தானே தன்னைக் கருவுறச் செய்துகொள்ளும். முற்பகலில் கொஞ்ச நேரம்தான் உமி திறக்கும்; மூடிவிட்டால் கதை முடிந்தது. இரண்டு ரகங்களைக் கலக்க வேண்டுமானால், பூ திறப்பதற்கு முன்பே உமியின் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் ஒன்று விடாமல் எடுத்துவிட வேண்டும். சூலகத்தில் நகம் படக் கூடாது. பிறகு மற்ற ரகத்தின் கதிரைக் கொண்டுவந்து அதன்மேல் மெதுவாகத் தட்டி மகரந்தத்தைத் தூவி, காகிதப் பையால் மூடிச் சீட்டுக் கட்ட வேண்டும். நூறு பூவில் எத்தனை பிடிக்கும் என்பது கையின் பக்குவம். அதோடு முடிந்ததா? பிறந்த விதையை விதைத்து, அதன் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று ஆறேழு தலைமுறை பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, பல ஊர் வயல்களில் போட்டுப் பரீட்சை செய்த பிறகுதான் ஒரு ரகத்துக்குப் பெயர் வைப்பார்கள். பத்து வருஷம்கூட ஆகிவிடும்.

"எங்க ரகத்துல 1986இல வெளியிட்டது அம்பை 16. ஆடுதுறை 31க்கும் கோ 39க்கும் பிறந்தது. நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து நாளில் அறுத்திடலாம். அரிசி குட்டை, பருமன்" என்றார் அவர்.

ஆடுதுறையும் கோயமுத்தூரும் சம்பந்தம் செய்துகொண்டு அம்பையில் பிறந்த பிள்ளை!

அத்தான் திடுக்கிட்டுத் திரும்பினார். "அம்பை 16ஆ? நம்ம வீட்டு இட்லி அரிசில்லா?"

"ஆமா ஸார்."

அத்தான் வயலை ஒரு முறை பார்த்தார். மகளை ஒரு முறை பார்த்தார். இத்தனை வருஷம் காலையில் தட்டில் விழுந்த இட்லிக்குப் பின்னால் பரீட்சை எழுதிப் பாஸான மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்கும் அன்றுதான் தெரிந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சமயம் பார்த்து ஜானகி அம்மாளின் கதையை எடுத்தேன். தலைச்சேரியில் 1897இல் பிறந்தவர். தகப்பனார் சப் ஜட்ஜ். சென்னையில் படித்து, பெண்கள் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தவர், உபகாரச் சம்பளம் பெற்று அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலைக்குப் போய், 1931இல் டாக்டர் பட்டத்தோடு திரும்பினார். 1934 முதல் கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து பார்த்தவர் அவர். கல்யாணம் செய்துகொள்ளாத பெண், அதிலும் அந்தக் காலத்தில் தாழ்ந்ததென்று சொல்லப்பட்ட சமூகம். நம்மூரில் கசப்புக்குக் குறைவில்லை. இங்கிலாந்துக்குப் போனார். 1945இல் டார்லிங்டன் என்ற அறிஞரோடு சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் கணக்குகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூல், உலகமெங்கும் தாவர விஞ்ஞானிகளின் மேஜைக்குப் போயிற்று. ஒரு மலர் மரத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். 1951இல் நேரு அழைத்துத்தான் இந்தியாவுக்குத் திரும்பினார்.

"அவங்களுக்கு நிலம்?" என்று இந்தத் தடவை கேட்டவள் என் மருமகள்தான், அப்பாவைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு. ஜட்ஜ் மகளுக்கு ஏர் பிடிக்கத் தெரிந்திருக்காது என்பதை அத்தானே ஒப்புக்கொண்டார்.

ஆச்சியின் கேள்வி

திரும்பும் வழியில் பஸ் வருவதற்கு நேரமிருந்தது. மலையிலிருந்து சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. சாலையோரத்து வயலில் கார் நடவு. தொளி அடித்துச் சமன் செய்த வயலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். நாற்று முடிகள் சேற்றில் அங்கங்கே கிடந்தன.

மருமகள் செருப்பைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டாள். "ஏட்டி!" என்று அத்தான் கத்தியது காதில் விழவில்லை.

எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் ஆச்சிதான் அவளுக்கு முடியைப் பிரித்துக் கொடுத்தாள். "இடது கையில புடி. ரெண்டு மூணு நாத்துதான் எடுக்கணும். ரொம்பத் தாழ்த்தாத, அழுகிப் போவும். மேலோட நட்டா மிதந்திரும். விரலுக்குத் தெரியும், நீ யோசிக்காத. பின்னால நடந்து வா, நட்டதை மிதிச்சிராத."

பதினைந்து நிமிஷத்தில் மற்றவர்கள் வயலின் நடுவுக்குப் போய்விட்டார்கள். இவள் வரப்பை விட்டு நாலு முழம்கூடத் தாண்டவில்லை. நட்டதில் பாதி சாய்ந்து கிடந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். பெண்கள் சிரித்த சிரிப்பு மலை வரைக்கும் கேட்டிருக்கும்.

அத்தான் ஆச்சியிடம் குறைப்பட்டுக்கொண்டார்: "விவசாயம் படிக்கணுமாம் ஆச்சி. எங்களுக்கு ஒரு துண்டு நிலம் கிடையாது."

ஆச்சி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "எனக்கு மட்டும் இருக்கா? கல்யாணமாகி வந்த நாளா நடுதேன். என் மாமியாரும் நட்டா. ஒரு பாத்தி சொந்தமில்லை. அப்போ நாங்க செய்யறது என்னது ஐயா?"

அத்தானிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

ஊருக்குத் திரும்பி ஜனக் கணக்கைப் புரட்டினேன். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிர் செய்வோர் சுமார் 42 லட்சம் பேர். விவசாயக் கூலி வேலை செய்வோர் சுமார் 96 லட்சம் பேர். அதாவது வயலில் நிற்பவர்களில் மூன்றில் இரண்டு பேருக்குமேல் அந்த வயலில் சொந்தம் இல்லை. அவர்களில் மிகப் பலர் பெண்கள். 'நிலம் இல்லாதவருக்கு விவசாயத்தில் என்ன வேலை?' என்று நாம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்கிறோம். நிலம் இல்லாதவர்கள் செய்யும் வேலையால்தான் அந்தக் கூடத்தில் இலை போடுகிறோம்.

அப்படியானால் படித்துவிட்டு வரும் பெண்ணுக்கு வேண்டியது பட்டா அல்ல, பணிவு. நிலம் இல்லாதது குறை அல்ல. 'எனக்குத் தெரியும்' என்று வரப்பில் நின்றுகொண்டு பேசினால் அதுதான் குறை.

இதற்கும் இந்தச் சீமையிலேயே ஒரு சாட்சி உண்டு. நம்மாழ்வார் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். விவசாயப் பட்டமும் பெற்றவர். 1963இல் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். மானாவாரிக் கரிசலில் வானத்தைப் பார்த்து விதைக்கும் ஏழைச் சம்சாரிக்கு, விலை கொடுத்து வாங்கும் உரத்தையும் மருந்தையும் வைத்துச் செய்யும் ஆராய்ச்சி என்ன உதவி செய்யும் என்ற கேள்வி அவரைக் குடைந்தது. 1969இல் வேலையை விட்டார். பிறகு களக்காட்டில், நோபல் சமாதானப் பரிசு பெற்ற டொமினிக் பியர் பாதிரியார் தொடங்கிய தொண்டு நிறுவனத்தில் கிராமத்து ஜனங்களோடு வேலை செய்துதான் தமது வழியைக் கண்டுகொண்டார். அவர் கட்சியை ஒப்புக்கொள்வோரும் உண்டு, மறுப்போரும் உண்டு. ஆனால் வயலோடு பிறந்தவரே மறுபடி வயலிடம் போய்ப் படிக்க வேண்டியிருந்தது என்பதில் சந்தேகம் இல்லை.

படித்துவிட்டு என்ன செய்வது?

தாய்மார்கள் கேட்கும் முக்கியமான கேள்விக்கு வருவோம்.

பிளஸ் டூவில் விஞ்ஞானப் பாடம் எடுத்தவர்கள், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் பட்டப் படிப்புக்கு மனுச் செய்யலாம். தகப்பனாருக்கு நிலம் இருக்கிறதா என்பது அதற்கு நிபந்தனை அல்ல. படிப்பு நான்கு வருஷம். உழவியல், மண்ணியல், பயிர்ப் பெருக்கம், பூச்சியியல், தோட்டக்கலை, விவசாயப் பொருளாதாரம் எல்லாம் உண்டு. கடைசி வருஷத்தில் கிராமத்தில் தங்கி, விவசாயிகளோடு வேலை செய்து கற்க வேண்டும். கிராமத்தில் பிறக்காத பிள்ளைகளுக்கு அதுவே பெரிய பாடம். நெல்லைச் சீமையார் கோயமுத்தூர் வரைக்கும் போக வேண்டியதில்லை. 1980களில் தொடங்கிய வ. உ. சிதம்பரனார் வேளாண்மைக் கல்லூரி, வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளத்தில் இருக்கிறது. என் மருமகளுக்கு இடம் கிடைத்தது அங்கேதான்.

பட்டம் பெற்றவர்கள் அரசுப் பணியாளர் தேர்வு எழுதி வேளாண்மை அலுவலராகலாம். விதைச் சான்று, தோட்டக்கலைத் துறைகள் இருக்கின்றன. பாங்குகள் விவசாயக் கடன் கொடுப்பதற்கென்றே விவசாயப் பட்டதாரிகளை எடுக்கின்றன. மேலே படித்தால் ஆராய்ச்சி. மாவட்டந்தோறும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களிலும் வேலை உண்டு. நாட்டில் இவற்றில் முதலாவது 1974இல் புதுச்சேரியில் ஏற்பட்டது. சொந்தமாக ஆலோசனை நிலையமோ, நாற்றுப் பண்ணையோ வைக்க விரும்பும் பட்டதாரிகளுக்குப் பயிற்சியும் பாங்குக் கடனும் கிடைக்க மத்திய அரசு 2002இல் ஒரு திட்டம் தொடங்கியது. எல்லாருக்கும் உடனே உத்தியோகம் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பரீட்சைக்குப் பரீட்சை போட்டி இருக்கிறது. ஆனால் எந்தப் படிப்பில்தான் இல்லை?

பட்டம் வேண்டாம், பயிர் செய்யத்தான் ஆசை என்று பட்டணத்து வேலையை விட்டு வருவோரும் இப்போது உண்டு. அவர்களுக்கு இந்தப் பக்கத்து அனுபவசாலிகள் சொல்லும் புத்திமதி: கையிலிருக்கும் சேமிப்பைக் கொட்டி முதலில் நிலம் வாங்காதீர்கள். ஒரு கார், ஒரு பிசானம் முழுவதும் இன்னொருவர் வயலில் நின்று பாருங்கள். தண்ணீர் எந்த மடையிலிருந்து, எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்று கேளுங்கள். ஜூனில் அணையில் தண்ணீர் இல்லாவிட்டால் கார் இல்லை. அந்த வருஷம் எதை வைத்துச் சாப்பிடுவது என்று முன்பே கணக்குப் போடுங்கள். பிறகு சிறு துண்டைக் குத்தகைக்கு எடுங்கள். நிலமே வேண்டாம் என்போர் வைக்கோலும் ஒரு கூரைக் கொட்டகையும் இருந்தால் பால் காளானில் கை பழகலாம். நமது வெயிலைத் தாங்கும் காளான் அது. விற்க வழி பார்த்துக்கொண்டு விளைவிக்க வேண்டும். விளைந்த பிறகு வழி தேடக் கூடாது.

முற்றத்துத் தண்ணீர்

அன்று மாலை அத்தான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து, பணம் கட்டிய ரசீதை நாலாக மடித்து, பஞ்சாங்கத்துக்குள் வைத்தார்.

"நாலு வருஷம் கழிச்சு, அந்த மணலை என்ன செய்யணும்னு எனக்குச் சொல்லணும்" என்றார் மகளிடம். அவ்வளவுதான்.

அக்காவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. நான் ஊருக்குப் புறப்படும்போது வாசலில் நின்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "படிக்கது படி. ஆனா லீவுக்கு வாரப்போ சேத்துக் காலோட வீட்டுக்குள்ள ஏறினேன்னு வையி, தெரியும் சேதி!"

சற்று நிறுத்தி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முத்தத்துல வாளி நிறையத் தண்ணி வச்சிருப்பேன். கழுவிட்டு வா" என்றாள்.